பதினோராவது பொருத்தம்

உடுமலைப்பேட்டையில் என் பயிற்சி மையத்துக்கு இரண்டு வாசல். முன்வாசல் வழியாக மாப்பிள்ளைப் பையன்கள் வருவார்கள், துணிச்சலைக் கூட்டிக்கொள்ள. பின்வாசல் வழியாகப் பெண்கள் வருவார்கள், இருக்கிற துணிச்சலைக் குறைத்துக்கொள்ள. இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று பார்த்துவிடக் கூடாது என்று நேரத்தைப் பிரித்து வைத்திருந்தேன். சமையல்கட்டுக்குள் பந்திக்காரர்களை விட்டால் அப்புறம் யார் சாப்பிட உட்காருவார்கள்?

இந்தப் பிழைப்பு எனக்கு வாய்த்தது ஒரு மெஷினால். காப்பீட்டுக் கம்பெனிக்காரர்கள் கொண்டுவந்தது. தலையில் ஒரு பட்டையைக் கட்டி, கண்ணுக்கு ஒரு மூடி மாட்டுவார்கள். மூடிக்குள் மலை விளிம்பு வரும், வெள்ளம் வரும், பிரேக் பிடிக்காத லாரி வரும். உடம்பு பயப்படுகிறதா, பரவசப்படுகிறதா என்று மெஷின் பார்க்கும். எதிரே திரையில் ஒரு வெளிச்சக் கோடு தெரியும். பயந்தால் நடுவிலிருந்து இடப்பக்கம் ஓடும், ரசித்தால் வலப்பக்கம் ஓடும். முடிவில் நூற்றுக்கு இவ்வளவு என்று ஓர் எண் வரும். துணிவெண் என்று பெயர்.

முதலில் வண்டி ஓட்டுகிறவர்களுக்குத்தான் வைத்தார்கள். பிறகு கல்யாணத்துக்குள் நுழைத்துவிட்டார்கள். புருஷன் பெண்டாட்டி எண்ணுக்குள் பதினைந்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்தக் குடும்பத்துக்குக் காப்பீட்டு அட்டை கிடையாது. ஒருத்தர் முன்னால் இழுக்க, ஒருத்தர் பின்னால் இழுக்க, வண்டி குடைசாய்ந்துவிடும் என்பது அவர்கள் வாதம். அட்டை இல்லாவிட்டால் பெரிய ஆஸ்பத்திரி சேர்க்காது, நல்ல பள்ளிக்கூடம் சேர்க்காது, வீடு கட்டக் கடன் கிடைக்காது. நம் ஜனங்கள் எதையும் சாஸ்திரமாக்கிவிடுவார்கள் அல்லவா? பத்துப் பொருத்தத்தோடு இதைப் பதினோராவதாகச் சேர்த்துக்கொண்டார்கள். நிச்சயத்தன்று உப்புச்சக்கரை மாற்றுவதற்கு முன், மண்டபத்தில் ஒறம்பரை, சொந்தபந்தம் அத்தனை பேரும் பார்க்க, பையனையும் பெண்ணையும் மெஷினில் உட்கார வைப்பது எங்கள் பக்கத்தில் வழக்கமாகிவிட்டது.

அதிலும் ஒரு கணக்கு. பையனுக்கு அறுபத்தைந்து, பெண்ணுக்கு ஐம்பத்தைந்து. அப்படி வந்தால் லட்சணமான ஜோடி. பையன் குறைந்தால் பேடி, பெண் கூடினால் அடங்காப்பிடாரி. ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணம் பண்ணச் சொன்னவர்கள் நம் பெரியவர்கள். நான் இரண்டே இரண்டு பொய் சொல்லிக் கொடுத்தேன். பையன்களுக்கு, மலை விளிம்பு வரும்போது பிடித்த ஊர்த் தேரோட்டத்தை நினைத்துக்கொள் என்று. பெண்களுக்கு, பரீட்சை முடிவு வரும் காலையை நினைத்துக்கொள் என்று. உடம்பை ஏமாற்ற அது போதும். கோகிலவாணி அக்காவிடம் போனால் எண் நிச்சயம் என்று பொள்ளாச்சி வரைக்கும் பேச்சு இருந்தது.

அந்தப் பேச்சைக் கெடுக்க வந்தவன்தான் திருமூர்த்தி.

அவன் அப்பா நாச்சிமுத்து கவுண்டர், ஆழ்குழாய்க் கிணறு தோண்டுகிற போர்வண்டி முதலாளி. எவன் பூமியில் தண்ணீரே இல்லை என்று எல்லாரும் கைவிட்டார்களோ, அங்கே துணிந்து குழி போட்டுப் பேர் வாங்கியவர். மகனைக் கொண்டுவந்து விட்டபோது என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"என்ற பையனுக்கு இருபத்திரெண்டுங்க அம்மிணி."

"வயசுங்களா?"

"எண்ணுங்க."

எனக்கே தூக்கிவாரிப் போட்டது. பையன் லிஃப்ட் சோதனை செய்கிற இன்ஸ்பெக்டர். ஆனால் எந்தக் கட்டடத்திலும் லிஃப்டில் ஏற மாட்டான், படியில்தான் ஏறுவான். ஏன் என்று கேட்டேன்.

"உள்ள என்னென்ன தேஞ்சிருக்கும்னு எனக்குத்தானுங்க்கா தெரியும்" என்றான்.

தேரை நினைக்கச் சொன்னால், தேர்ச்சக்கரத்துக்குக் கட்டை போடுகிறவர்களின் கால் நசுங்குமே என்று நினைத்தான். கோடு இன்னும் இடப்பக்கம் போனது. கல்யாணப் பேச்சு இரண்டு தடவை நிச்சயம் வரைக்கும் வந்து, இரண்டு தடவையும் அன்றைக்கென்று பார்த்து அவனுக்குக் காய்ச்சல் வந்துவிட்டதாம். மெஷினில் உட்கார வேண்டுமே என்ற பயம்தான். பொய்க்காய்ச்சல் கூட இல்லை, நிஜமாகவே உடம்பு கொதித்திருக்கிறது.

பின்வாசல் வழியாக அதே மாதம் வந்தவள் பவளக்கொடி. எண்பத்தெட்டு. பல்லடம் பக்கத்துக் காற்றாலைக் காத்தாடிகளில் கயிற்றில் தொங்கிக்கொண்டு றெக்கை வெடிப்பை அடைக்கிற வேலை. அவள் அப்பா அவிநாசியப்பன் என்னிடம் தெளிவாகவே சொன்னார்: "தொங்கறது தப்பில்லீங்க. நல்ல சம்பளம். எண்ணுல மட்டும் தெரியக்கூடாதுங்க."

அவள் கெட்டிக்காரி. பரீட்சை முடிவை நினை என்றால் நினைத்தாள், கோடு சொன்னபடி கேட்டது. இரண்டே வாரத்தில் முப்பது வரைக்கும் இறக்கிக் காட்டினாள்.

ஒரு நாள் அவள் சீக்கிரம் வந்துவிட்டாள். மேல் வராந்தாவில் கம்பிக் கைப்பிடியில் சாய்ந்து நின்று போன் பேசிக்கொண்டிருந்தாள். வகுப்பை விட்டுத் தண்ணீர் குடிக்க வந்த திருமூர்த்தி இரண்டடி தள்ளியே நின்றுவிட்டான்.

"ஏனுங்க, அதுல சாயாதீங்க. ஆடுதுங்க."

"ஆடுனா என்னங்க? விழுந்தா கீழ செம்பருத்திச் செடிதான் இருக்குது."

"செடிக்கு அந்தப் பக்கம் சிமெண்ட் தரைங்க. வர்றப்பவே பாத்துட்டேன்."

அவள் சிரித்துவிட்டாள். அவன் கீழே போய் வண்டியிலிருந்து ஸ்பேனர் எடுத்துவந்தான். ஆடுகிற இடத்தை மட்டும் முடுக்கியிருந்தால் நானும் மறந்திருப்பேன். வராந்தாவின் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும் ஒவ்வொரு போல்ட்டாக உட்கார்ந்து முடுக்கினான். வகுப்பு முடிந்தே போனது.

"இப்பச் சாயுங்க" என்றான்.

நான் இருவரையும் விரட்டியிருக்க வேண்டும். மையத்தின் விதி அது. ஆனால் எனக்கும் வேடிக்கை பார்க்கிற புத்தி உண்டு. அடுத்தடுத்த வாரங்களில் அவள் சீக்கிரம் வருவதும் அவனுக்குத் தாகம் எடுப்பதும் சரியாகப் பொருந்திப்போயின. ஒருநாள் அவள் உள்ளங்கைக் காய்ப்பைப் பார்த்து என்ன வேலை என்று கேட்டான். சொன்னாள். பையன் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. மயங்கி விழுவான் என்று நான் நாற்காலியை நகர்த்தி வைத்தேன். ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு அவன் கேட்டது இது.

"கயிறு ஒண்ணுங்களா ரெண்டுங்களா?"

"ரெண்டுங்க."

"ரெண்டையும் ஒரே கொக்கிலயா மாட்டுவீங்க?"

அவள் யோசித்தாள். "அவசரத்துக்கு அப்படித்தானுங்க மாட்டறது."

"வேற வேற கொக்கில மாட்டுங்க. ஒண்ணு போனா இன்னொண்ணு நிக்கும்."

அவ்வளவுதான் பேச்சு. அன்று அவளால் முப்பதுக்கு இறங்க முடியவில்லை. கோடு வலப்பக்கமே குதித்தது. எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"ஏனம்மிணி, உனக்கென்ன பைத்தியமா? துணிச்சலான ஆம்பளையத்தான் பொண்ணுகளுக்குப் புடிக்கும். அதை நம்பித்தானே என்ற வீட்டுல அடுப்பெரியுது?"

"அட போங்க்கா" என்றாள் பவளம். "யாரையாச்சும் காப்பாத்தறக்குக் கெணத்துல குதிச்சான்னா புடிக்கும். சும்மா குதிச்சுக் காட்டுனான்னா தலை தொவட்டத் துண்டு தேடற வேலை நம்மளுக்கு. எங்கூட வேலை செய்யற பசங்க கயிறு இல்லாம ஏறிச் சீன் போடுவானுங்க. நான் பாக்கறனான்னு திரும்பிப் பாப்பானுங்க. எனக்குச் சிரிப்புத்தான் வரும்."

"ஊருல சொல்றாப்பல ஏறவே வேண்டாம்னு இவனும் சொல்லப்போறான்."

"சொல்லலையேக்கா. அத்தனை பேரும் ஏறாதேன்னு சொன்னாங்க. கொக்கி ஒண்ணா ரெண்டான்னு கேட்ட ஆளு இவருதானுங்க்கா." சொல்லிவிட்டு அவள் அழுதுவிட்டாள். காத்தாடியின் உச்சியிலிருந்து உடுமலையை எட்டிப் பார்க்கிறவள்.

அவனிடமும் கேட்டேன். அடங்காத பெண்ணென்றால் பையன்கள் ஓடுவார்கள் என்றுதானே பின்வாசலைத் திறந்து வைத்திருக்கிறேன்?

"பயந்துட்டேதானுங்க்கா கேக்கறேன், அவங்க கதையெல்லாம்" என்றான். "ராத்திரி காத்து பலமா அடிச்சா தூக்கம் போயிருது. ஆனா கேக்காம இருக்க முடியலீங்க."

ஆண்களுக்குப் பெண்களைப் பற்றியும் பெண்களுக்கு ஆண்களைப் பற்றியும் யாரோ தப்பாகச் சொல்லி வைத்திருக்கிறார்கள். அந்தத் தப்பின் மேல் கூரை போட்டு நான் குடியிருந்தேன். வருத்தப்பட்டேன் என்று சொல்ல மாட்டேன். சுவாரசியமாக இருந்தது.

இரண்டு வீட்டிலும் நானே பேச்சை எடுத்தேன். ஜாதகம் பார்த்தார்கள், பத்தும் பொருந்தியது. மிச்சம் பதினோராவது. திருமூர்த்தியை நான் தலைகீழாக நின்று பயிற்றுவித்தும் இருபத்திரண்டிலிருந்து நகரவில்லை. ஆகவே ஒரே வழிதான் இருந்தது. அவன் தன் இருபத்திரண்டோடு மண்டபத்தில் உட்கார வேண்டும். பவளம் முப்பதுக்கு இறங்க வேண்டும். வித்தியாசம் எட்டு, அட்டை கைக்கு வந்துவிடும்.

"உங்க எண்ணைக் கொறைச்சா நாளைக்குக் காத்தாடில ஏற விடுவாங்களா?" என்று அவன் கேட்டான்.

"வேலைக்குன்னு வருசத்துக்கு ஒருக்கா மறுபடி பாப்பாங்க. அப்பப் பாத்துக்கலாம். நீங்க உங்க கதையச் சொல்லுங்க. போர்வண்டிக் கூட்டம் மொத்தமும் வந்திருக்கும். இருபத்திரெண்டுன்னு திரையில வந்தா கிண்டல் பண்ணியே கொன்னுபோடுவாங்க."

"தெரியுமுங்க."

"காய்ச்சல் வந்துருமா?"

அவன் வெகுநேரம் யோசித்தான். அவன் எதற்கும் வெகுநேரம் யோசிப்பான். "வந்தாலும் வந்துருவேனுங்க" என்றான்.

நிச்சயத்தன்று அவனுக்குக் காய்ச்சல் அடித்தது. நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், சுட்டது. ஆனாலும் வேட்டி கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தான். மண்டபத்தில் கால் வைக்க இடமில்லை. கம்பெனியிலிருந்து ஒரு பையன் மெஷினோடு வந்து மேடையில் திரையை நிறுத்தினான்.

மாப்பிள்ளைதான் முதலில். மூடியை மாட்டியதுமே கோடு இடப்பக்கம் சாய்ந்தது. மலை விளிம்பு வந்ததும் சரசரவென்று ஓரத்துக்கே போய் ஒட்டிக்கொண்டது. திரையில் இருபத்திரண்டு என்று பெரிதாக வந்தது.

முதலில் பின்வரிசையில் ஒருவன் சிரித்தான். பிறகு அந்தப் பக்கமே சிரித்தது. "போர்வண்டி நாச்சிமுத்து பையனா இவன்? கரண்ட் போனாலே கட்டிலுக்கடியில பூந்துக்குவானாட்ட இருக்குது!" என்று ஒரு மாமன்காரர் சத்தமாகவே சொன்னார். நாச்சிமுத்து கவுண்டர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கை கழுவப் போவதுபோல் எழுந்து வெளியே போய்விட்டார். இந்தப் பையனை இந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்தியதில் எனக்கும் பங்கு இருக்கிறதே என்று உடம்பெல்லாம் கூசியது.

திருமூர்த்தி மூடியைக் கழற்றினான். நெற்றி வேர்வையைத் துடைத்தான். ஓடிவிடுவான் என்று நினைத்தேன். எழுந்து கூட்டத்தைப் பார்த்து நின்றான்.

"ஆமாங்க, எனக்குப் பயம்தானுங்க" என்றான். "சின்ன வயசுல இருந்தே அப்படித்தான். அதைத் தெரிஞ்சுட்டே பொண்ணு குடுங்க."

சிரிப்பு அடங்கியது. கிண்டல் பண்ணின மாமன்காரர் வெற்றிலையை மடிக்க ஆரம்பித்தார்.

அடுத்து பவளம். நாற்காலியில் உட்கார்ந்ததும் நான் கீழிருந்து சைகை காட்டினேன், பரீட்சை முடிவை நினை என்று. அவள் தலையாட்டினாள். மூடி இறங்கியது. மலை விளிம்பு வந்தது. கோடு நடுவிலிருந்து கிளம்பியது, வலப்பக்கம். சரி, இழுத்துப் பிடித்துவிடுவாள் என்று பார்த்தேன். வெள்ளம் வந்தது, இன்னும் வலப்பக்கம். லாரி வந்தபோது கோடு திரையின் விளிம்பை முட்டியது. தொண்ணூற்றாறு. அவளுடைய சொந்த எண்ணைவிட எட்டு கூட.

நான் மேடையோரம் ஓடினேன்.

"என்னடி பண்ணிப்போட்ட?"

"நெனச்சனுங்க்கா, சத்தியமா நெனச்சேன்" என்றாள். கண் பளபளத்தது. "ஆனா அத்தனை பேரு சிரிக்கறப்ப எந்திரிச்சு நின்னு அப்படிச் சொன்னாருங்களே. அதைப் பாத்ததுக்கப்பறம் எனக்கு எப்படிப் பயம் வரும்? எந்தக் காத்தாடிலயும் இப்படி இருந்ததில்லீங்க்கா."

என் இத்தனை வருஷப் பயிற்சியில் அப்படி ஒரு பதில் கேட்டதில்லை. இருபத்திரண்டும் தொண்ணூற்றாறும். பூமிக்கும் வானத்துக்கும் அட்டை வாங்குவது போல.

கம்பெனிப் பையன் தலையைச் சொறிந்தான். "இவ்வளவு வித்தியாசம் நான் பாத்ததே இல்லீங்க. மாப்பிள்ளைக்கு வேணா இன்னொரு தடவை போட்டுப் பாக்கலாம், அதுக்கு விதி இருக்குது" என்று திருமூர்த்தியின் தலையில் மறுபடி பட்டையைக் கட்டினான். மூடியை மாட்டவில்லை. அதற்குள் அவிநாசியப்பன் மேடைக்கு ஏறிவிட்டார். கோபம் இல்லை, முகத்தில் கலக்கம்தான்.

"மாப்ளை, மறுக்காப் போட்டாலும் இதேதான் வரும். உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அட்டை இல்லாம என்ற பொண்ணைக் கட்டிக்குவீங்களா? இல்லைன்னாலும் நான் தப்பா நெனைக்க மாட்டேன். இப்பவே சொல்லிப்போடுங்க."

திருமூர்த்தி கம்பெனிப் பையனைப் பார்த்தான்.

"அட்டை இல்லைன்னா என்னென்ன கெடைக்காதுங்க?"

"பெரிய ஆஸ்பத்திரிலெல்லாம் சேத்துக்க மாட்டாங்க."

"பிரசவத்துக்கும்?"

"பிரசவத்துக்கும்தாங்க."

பட்டை தலையில் இருந்ததால் திரையில் கோடு ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் எல்லாரும் பார்த்தோம். ஆஸ்பத்திரி என்றதும் இடப்பக்கம் சாய்ந்தது, பிரசவம் என்றதும் இன்னும் சாய்ந்தது.

"அப்பறம்?"

"குழந்தைக்கு நல்ல பள்ளிக்கூடத்துல எடம் கஷ்டமுங்க. வீட்டுக் கடன் கெடைக்காது. மேடம் பாக்கற வேலைல ஏதாச்சும் ஆச்சுன்னா..." பையன் சொல்லத் தயங்கினான்.

"சொல்லுங்க."

"ஏதாச்சும் ஆச்சுன்னா ஒண்ணுமே வராதுங்க."

கோடு ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டது. அதற்கு மேல் போக இடமில்லை. பவளம் இரண்டு கையையும் கோர்த்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றாள்.

"வேற ஏதாச்சும் விட்டுட்டீங்களா?" என்று கேட்டான் திருமூர்த்தி.

"இல்லீங்க. அவ்வளவுதான்."

அவன் தலையாட்டினான். ஒவ்வொன்றாக மனதுக்குள் எண்ணிப் பார்ப்பது தெரிந்தது. பிறகு அவிநாசியப்பன் பக்கம் திரும்பினான்.

"கட்டிக்கறேனுங்க மாமா" என்றான்.

சொல்லும்போதே கோடு ஓரத்திலிருந்து விடுபட்டது. மெதுவாக நடுவுக்கு வந்தது. வலப்பக்கம் தாண்டிப் போகவில்லை, இடப்பக்கமும் திரும்பவில்லை. நட்டநடுவில் நூல் பிடித்தாற்போல் நின்றுவிட்டது.

கம்பெனிப் பையன் திரையைத் தட்டினான், வயரை ஆட்டினான், பட்டையை அழுத்திப் பார்த்தான். கோடு அசையவே இல்லை.

"ரிப்பேராயிருச்சுங்களா தம்பி?" என்று கேட்டேன்.

"இல்லீங்க மேடம். மெஷின் நல்லாத்தான் ஓடுது." அவன் குழம்பிப்போய்த் திருமூர்த்தியையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தான். "இவரு ஒடம்பு இதை ஒரு ஆபத்தாவே எடுத்துக்கலீங்க. அதான் காட்ட ஒண்ணுமில்ல."

நாச்சிமுத்து கவுண்டர் எப்போது உள்ளே வந்தார் என்று தெரியவில்லை. வாசற்படியோரம் நின்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டம் விலகி வழி விட்டது. மேடைக்கு வந்து மகனின் கையை எடுத்துத் தன் கையில் வைத்துப் பார்த்தார், நாடி பார்க்கிறவர் போல.

"நானு நூத்துக்கணக்குல குழி போட்டிருக்கேன் சாமி" என்றார், யாரிடம் என்றில்லாமல். "தண்ணி வருமோ வராதோன்னு ஒவ்வொரு குழிக்கும் கை நடுங்கும். யாருக்கும் தெரியக்கூடாதுன்னு துண்டுக்குள்ள மறைச்சுக்குவேன். இவனுக்கு நடுங்கலையே."

மகனின் கையை அவர் விடவில்லை. மண்டபத்தில் யாரும் சிரிக்கவும் இல்லை.